பெரியம்மாவின் கையில் ஒரு குழாய்: ஒரு சின்ன வரலாறு

வெள்ளவத்தையில் இருக்கிற என் பெரியம்மாவுக்குப் போன வருஷம் கீமோ தொடங்கினது. வலது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் மேலே, ஒரு மெல்லிய ரியூப் போட்டார்கள். அது நாளத்துக்குள்ளால் போய் இதயத்துக்குக் கிட்ட முடியும். மருந்து ஏற்றிவிட்டு அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரியூப்பும் அவவோடேயே வீட்டுக்கு வரும். ஆஸ்பத்திரியில் தந்த கடதாசி முழுக்க ஆங்கிலம். பெரியம்மா அதை மடித்து சாமி அறையில் வைத்துவிட்டா.

ஒருநாள் வேர்வையில் பிளாஸ்டர் ஒரு பக்கம் கழன்றது. "வெள்ளிக்கிழமை கிளினிக்தானே பிள்ளை, அப்ப காட்டுவம்" என்றா. வியாழன் இரவு குளிர்ந்து நடுங்கி, காய்ச்சல் கொதித்தது. ரியூப்பை எடுத்து, ஒரு கிழமைக்கு மேல் வார்ட்டில் வைத்துத்தான் அனுப்பினார்கள். வரலாறு படிக்கிறவளின் பழக்கதோஷம், இந்தக் குழாய் எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன்.

கதையின் தொடக்கத்திலேயே ஒரு நேர்ஸ் இருக்கிறா. 1929, பெர்லினுக்குக் கிட்ட எபர்ஸ்வால்ட. வேர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டொக்டர், கை நாளத்தால் இதயம் வரைக்கும் குழாய் விடலாம் என்று நம்பினார். மேலதிகாரி அனுமதிக்கவில்லை. கருவிகள் நேர்ஸ் கெர்டா டிட்சனின் பொறுப்பில் இருந்தன. 'என்னில் செய்து பாருங்கள்' என்று அவவே முன்வந்தா. ஃபோர்ஸ்மன் அவவை மேசையில் கட்டிவிட்டு, அவவுக்குச் செய்வதுபோல நடித்து, சத்தமில்லாமல் தன்னுடைய கையில் குழாயை விட்டார். பிறகு இருவரும் எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். 1956இல் அவருக்கு வேறு இருவரோடு சேர்த்து நோபல் பரிசு. டிட்சனின் பெயரை நாங்கள் ஒரு வேடிக்கைச் சம்பவமாக மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

புற்றுநோய்க்காரருக்கு இது ஏன் தேவைப்பட்டது? சில கீமோ மருந்துகள் சின்ன நாளத்தைப் புண்ணாக்கும், வெளியே கசிந்தால் தசையையே அழிக்கும். இதயத்துக்குக் கிட்ட இருக்கிற பெரிய நாளத்தில் இரத்தம் வேகமாக ஓடுவதால் மருந்து உடனே ஐதாகிவிடும். 1973இல் புரோவியக் குழாயும், 1979இல் சியாட்டிலில் ரொபர்ட் ஹிக்மன் அதைப் பெருப்பித்துச் செய்ததும் வந்தன. தோலுக்குக் கீழே ஒரு துணி வளையம். அதற்குள் தசை வளர்ந்து கிருமிக்கு வழியை அடைக்கும். எண்பதுகளில் தோலுக்குள்ளேயே புதைக்கிற போர்ட் வந்தது. இவையெல்லாம்தான் நோயாளியை வார்ட் கட்டிலிலிருந்து வீட்டுக்கு அனுப்பின. ஆனால் வார்ட்டில் நேர்ஸ் பார்த்த வேலையில் பாதியும் சேர்ந்து வீட்டுக்கு வந்துவிட்டது. அதை யார் பார்ப்பது?

அந்த வேலை வெளியே பார்த்தால் சின்னன். கை கழுவ வேண்டும். குழாயின் வாயை ஸ்பிரிட்டால் பதினைந்து செக்கன் தேய்த்து, காய விட வேண்டும். பத்து மில்லிலீற்றர் சிரிஞ்சால் சேலைனை விட்டுவிட்டுத் தள்ள வேண்டும். சின்னச் சிரிஞ்ச் என்றால் அழுத்தம் கூடிக் குழாய் வெடிக்கலாம். கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டரை ஏழு நாளுக்கு ஒருக்கா மாற்ற வேண்டும், நனைந்தாலோ கழன்றாலோ உடனே. இதில் ஒன்றைத் தவறவிட்டால் கிருமி நேரே இரத்தத்துக்குள் போகும். கீமோவில் வெள்ளை அணுக்கள் குறைந்த உடம்பு அதைத் தாங்காது.

இந்தச் சின்ன வேலைகளின் பெறுமதியை உலகம் கொஞ்சம் பிந்தித்தான் கண்டுகொண்டது. அமெரிக்காவில் பீட்டர் புரோனோவோஸ்ட் ஐந்து அம்சங்கள் உள்ள ஒரு பட்டியல் தயாரித்தார். கை கழுவுதல், முழு உடம்பையும் துணியால் மூடுதல், குளோர்ஹெக்சிடினால் தோலைத் துடைத்தல், தொடையில் குழாய் போடுவதைத் தவிர்த்தல், தேவையில்லாத குழாயை எடுத்தல். டொக்டர் ஒரு படியைத் தவறவிட்டால் நிறுத்தச் சொல்ல நேர்ஸுக்கு அதிகாரம் கொடுத்தார்கள். மிச்சிகனில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் செய்து பார்த்ததில், குழாயால் வரும் இரத்தத் தொற்று 66% வரை குறைந்தது. முடிவு வெளிவந்தது 2006இல். புது மருந்து ஒன்றும் இல்லை. பேச முடியாதவருக்குப் பேச இடம் கொடுத்ததுதான் பெரிய மாற்றம் என்று எனக்குப் படுகிறது.

பெரியம்மாவின் கடதாசிக்குத் திரும்ப வருவோம். 1847இல், வியன்னாவில் செம்மல்வைஸ் டொக்டர்மாரைக் கை கழுவச் சொன்ன அதே வருஷம், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். பாடநூல்களைத் தமிழில் மொழிபெயர்த்தார். அதற்கான சொற்களையும் தேடி உருவாக்கினார். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. இவ்வளவுக்குப் பிறகும் 'பிளாஸ்டர் கழன்றால் உடனே வா, 38 பாகைக்கு மேல் காய்ச்சல் என்றால் விடியும் வரை பார்த்திருக்காதே' என்ற இரண்டு வரியைத் தமிழில் தர எங்களால் முடியவில்லை.

பிளேம் பண்ணுவது லேசு. ஒரு காலையில் எத்தனை பேருக்கு மருந்து ஏற்றுகிறார்கள் என்று கிளினிக் வாங்கில் இருந்து பார்த்தவள் நான். அந்த நேர்ஸுக்குத் தண்ணி குடிக்க நேரமில்லை. அவவுக்குத் தமிழ் தெரியாது, பெரியம்மாவின் சிங்களம் கடைக்குப் போய்வர மட்டும் காணும். ஆனால் அதனால்தான் கடதாசி முக்கியம். ஒருதரம் ஒழுங்காக எழுதி அச்சடித்தால் அது ஆயிரம் பேரோடு கதைக்கும்.

கொட்டாஞ்சேனையில் இருக்கிற என் கூட்டாளியும் நானும் அந்தக் கடதாசியைத் தமிழில் எழுதினோம். அதே கிளினிக்கில் வேலை செய்கிற ஒரு நேர்ஸ் வரி வரியாகப் பார்த்துத் திருத்தித் தந்தா. இப்போது அது பெரியம்மாவின் ஃபிரிட்ஜ் கதவில் இருக்கிறது. புது ரியூப் இடது கையில். போன கிழமை மருந்து ஏற்ற வந்தவரிடம் பெரியம்மா தன் அரைகுறைச் சிங்களத்தில் கேட்டா: "மிஸ், வாயைத் துடைச்சாச்சா?" அவ சிரித்துவிட்டு, இன்னொருதரம் துடைத்தா.