பெயரேடும் அதன் காவலரும்



வன்னி நாட்டிலே குளம் இல்லாத ஊர் அரிது. ஊரின் பெயரும் பெரும்பாலும் குளத்தின் பெயரே. இதனால் ஓர் இடர் உண்டு. புதுக்குளம் என்றும் பெரியகுளம் என்றும் வழங்கும் ஊர்கள் ஒன்றுக்கு மேற்பட இருக்கின்றன. “புதுக்குளம்” என்று மட்டும் எழுதிய கடிதம் எந்தப் புதுக்குளத்தைச் சென்றடையும்? ஆகவேதான் ஊர்ப்பெயருக்குப் பின்னே தபாற்கந்தோரின் பெயரையும், அதற்கும் பின்னே மாவட்டத்தின் பெயரையும் எழுதும் வழக்கம் நிலைபெற்றது. மாவட்டத்துக்குள்ளே ஊர் தெரியும். ஊருக்குள்ளே வீடு தெரியும். நாட்டிலுள்ள வீடுகள் யாவற்றையும் கொழும்பிலே ஒருவர் அறிந்திருக்க வேண்டுவதில்லை.

இணையத்திலே ஆள்களப் பெயர் எனப்படுவதும் இத்தகைய முகவரியே. அதற்கு ஒரு பெயரேடு உண்டு. அப்பெயரேட்டைக் காப்பவர் உண்டு. காப்பவரைக் கட்டுப்படுத்தும் விதிகளும் உண்டு. அவ்விதிகள் எவ்வாறு பிறந்தன, யாருக்காக எழுதப்பட்டன என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

தொடக்கத்தில் இந்தப் பெயரேடு ஒற்றைப் பட்டியலாகவே இருந்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், ஸ்டான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில், எலிசபெத் ஃபெயின்லர் என்னும் அம்மையாரின் தலைமையில் இயங்கிய ஒரு சிறு குழுவினர் அதனைப் பேணினர். புதிதாக ஒரு கணினியை வலையமைப்பில் இணைப்போர் அவர்களுக்கு அறிவிப்பர். அவர்கள் பெயரைப் பட்டியலிற் சேர்ப்பர். ஏனையோர் பட்டியலைப் படியெடுத்துக்கொள்வர். கணினிகள் பெருகப் பெருக இம்முறை தாங்கவில்லை. 1983 இல் போல் மொக்கபெட்ரிஸ் என்பார் பெயர்களைப் படிநிலையாகப் பகுக்கும் முறையை வகுத்தார். தலைமையிலுள்ளவர் தமக்கு அடுத்த படியை மட்டும் அறிவார்; அடுத்த படியிலுள்ளவர் தமக்குக் கீழுள்ளவற்றை அறிவார். நம் தபால்முறையின் தத்துவமும் இதுவே அன்றோ?

நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறிகள் வழங்கும் நிலை வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. எது நாடு, எது நாடன்று என்று தீர்ப்பளிப்பது யார்? இப்பணியை நெடுங்காலம் கவனித்துவந்த ஜோன் பொஸ்டல் அத்தீர்ப்பைத் தாம் ஏற்கவில்லை. சர்வதேச நியமங்களுக்கான அமைப்பு முன்னரே வகுத்திருந்த நாட்டுக்குறிப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். இது மிகுந்த விவேகமான செயல் என்பது என் எண்ணம். இதன் பயனாக ‘டி.என்.’ என்னும் குறி தமிழ்நாட்டுக்கு உரியதன்று, துனீசியாவுக்கு உரியது.

1994 மார்ச்சு மாதத்தில் பொஸ்டல் வெளியிட்ட ஒரு குறிப்பு, இத்துறையின் அடிப்படைச் சாசனம் போல இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றது. ஒரு நாட்டின் பெயரேட்டை நடத்துபவர் அதன் சொந்தக்காரர் அல்லர், அந்நாட்டு மக்களுக்கும் உலக இணையச் சமுதாயத்துக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்பது அதன் சாரம். உரிமை பற்றிய வாதம் அங்கே பொருந்தாது. பொறுப்பும் சேவையுமே பொருந்தும் என்று அவர் கருதினார். விண்ணப்பிப்போர் அனைவரையும் ஒரே விதியால் நடத்தவேண்டும் என்பதும் அதில் வற்புறுத்தப்பட்டது.

வன்னி விவசாயிக்கு இக்கருத்து புதியதன்று. 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்ற குடியேற்றவாசிகள் கிளிநொச்சிப் பகுதியிலே மிகப் பலர். பத்திரம் பெற்றவர் காணியைத் திருத்திப் பயிரிடலாம், வீடு கட்டலாம், பின்னுரித்தாளரை நியமிக்கலாம். ஆயின் விரும்பியவாறு விற்க இயலாது; நிபந்தனையை மீறினால் பத்திரம் இரத்தாகலாம். ஆள்களப் பெயரும் ஏறக்குறைய இவ்வகைப்பட்டதே. அதனை ‘வாங்கினேன்’ என்று சொல்வது வழக்காயினும், உண்மையில் நாம் பெறுவது காலவரையறைக்கு உட்பட்ட அனுமதியையே. கட்டணம் செலுத்தாது தவணை கடந்தால், பெயர் திரும்பவும் ஏட்டுக்குச் செல்லும்.

இலங்கைக்கு உரிய ‘எல்.கே.’ என்னும் குறி 1990 ஜூன் மாதத்தில் பதிவுசெய்யப்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கிஹான் டயஸ் அப்பதிவகத்தை நிறுவினார். அரசாங்கத் திணைக்களத்திலன்றி ஒரு பல்கலைக்கழகத்தின் கணினித்துறையிலே அது வளர்ந்தது. பின்னர் இலாப நோக்கற்ற நிறுவனமாக உருப்பெற்றது. நேயர்கள் அந்த மாதத்தை நினைவிற்கொள்ள வேண்டும். அதே 1990 ஜூனில் வடக்கிலே போர் மீண்டும் மூண்டது. நாட்டின் பெயர் உலகின் பெயரேட்டில் ஏறிய வேளையில், வன்னிக்கு மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயின. அடுத்து வந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்த ஒரு தலைமுறைக்கு இப்பெயரேடு இருந்ததே தெரியாது. 2009 இல் போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய பின்னரே இங்குள்ள பாடசாலைகள் பலவற்றுக்கு இணையம் வந்து சேர்ந்தது. விதிகள் எழுதப்பட்டபோது நாம் மேசையருகே இருக்கவில்லை. ஆகவே அவற்றை வாசித்தறியும் கடமை நமக்குச் சற்று மிகுதி.

அக்காலத்தில் முகவரிகள் யாவும் உரோம எழுத்திலேயே அமைந்தன. பிறமொழி எழுத்துகளில் பெயரமைக்கும் முயற்சி சிங்கப்பூரில் 1998 அளவில் டான் டின் வீ என்னும் பேராசிரியரின் குழுவினரால் முன்னெடுக்கப்பட்டது. இவர் 1997 இல் நா. கோவிந்தசாமியுடன் சேர்ந்து தமிழ் இணைய மாநாட்டை நடத்தியவர். 2003 இல் இதற்கான உலக நியமம் வெளியாயிற்று. 2010 இல் ‘புள்ளி இலங்கை’ என்பது தமிழ் எழுத்திலும், அதற்கு இணையான பெயர் சிங்கள எழுத்திலும் உலகப் பெயரேட்டில் இடம்பெற்றன. இந்தியாவும் சிங்கப்பூரும் தத்தம் பெயர்களைத் தமிழெழுத்தில் 2011 இல் பெற்றன.

பெயர் கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. தமிழாசிரியர்கள் கவனிக்கவேண்டிய இடம் இதுவே. ‘ஔவை’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். முதலெழுத்து ‘ஔ’ என்னும் உயிரெழுத்து. ஆனால் அவசரமாகத் தட்டச்சிடுவோர் ‘ஒ’ வையும் ‘ள’ வையும் அடுத்தடுத்து இட்டு ‘ஒளவை’ என்று எழுதிவிடுவர். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கோ இரண்டும் முற்றிலும் வெவ்வேறான பெயர்கள். முன்னதை ஒரு பாடசாலையும் பின்னதை ஒரு மோசக்காரனும் பதிவுசெய்தால் என்ன ஆகும்? மாணவர் மோசக்காரனின் வாயிலிற் போய் நிற்பர். ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தையும் கணினியில் இரு வழிகளில் அமைக்கலாம். அதிலும் இதே அபாயம் உண்டு. ஆகவே கண்ணுக்கு ஒத்த பெயர்களை இரு வேறு ஆட்களுக்கு வழங்கலாகாது. ஒன்றை வழங்கினால் மற்றதைப் பூட்டிவைக்க வேண்டும். இத்தகைய விதியை ஆங்கிலம் மட்டும் அறிந்த பொறியியலாளர் எழுத இயலாது. மொழியறிந்தவர் அமரவேண்டிய ஆசனம் அது.

இனி, நாடென்று ஒன்று இல்லாத சமுதாயத்தின் நிலை யாது? கட்டலான் மொழி பேசுவோர் ஸ்பெயின் நாட்டிலும் அதன் அயலிலும் வாழ்கின்றனர். அவர்களின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் உரியதாக ‘கெட்’ என்னும் ஆள்களம் 2005 இல் அங்கீகாரம் பெற்றது. கட்டலான் மொழியில் எழுதுவோர், அல்லது அப்பண்பாட்டுக்குப் பணியாற்றுவோர் என்பதே தகுதி. குருதியும் குடியுரிமையும் கேட்கப்படுவதில்லை. மொழிச் சமுதாயம் ஒன்று தன் வாயிலைத் தானே காப்பதற்கு இதனினும் நல்ல விதியை நான் கண்டதில்லை. அப்பதிவகத்துக்கும் சோதனை வந்தது. 2017 செப்டெம்பர் 20 ஆம் நாள், பிரிவினை வாக்கெடுப்பையொட்டி ஸ்பெயின் காவற்படையினர் பார்சலோனாவிலுள்ள அதன் அலுவலகத்திற் புகுந்து தொழினுட்பப் பொறுப்பாளரைக் கைதுசெய்தனர். பெயரேட்டைக் காப்பவர் அப்பெயர்களில் வெளியாகும் எழுத்துக்கும் காவலராக வேண்டுமா என்பது அன்று எழுந்த வினா. அது இன்னும் தீரவில்லை.

1998 இல் உருவான ஐக்கான் என்னும் நிறுவனம் 2012 இல் புதிய ஆள்களங்களுக்கு விண்ணப்பம் கோரியது. அப்போது கட்டணம் 185,000 டொலராக இருந்தது. சமுதாயத்தின் பேரால் முன்னுரிமை கோரியோர் 16 புள்ளிகளுள் 14 ஆவது பெறவேண்டியிருந்தது. அச்சமுதாயம் உண்மையில் உண்டா, கேட்கும் பெயர் அதற்குப் பொருந்துமா, சமுதாயத்தின் ஆதரவு உண்டா என்று ஆராய்ந்தனர். இவற்றோடு நடத்தை விதிகளுக்கும் புள்ளி வழங்கப்பட்டது: யார் பதியலாம், எவ்வகைப் பெயர்களைப் பதியலாம், அவற்றை எதற்குப் பயன்படுத்தலாம், மீறினால் என்ன செய்வது. மேனாடுகளில் விலங்குருக் கதாபாத்திரங்களில் ஈடுபாடு கொண்டு மாநாடு கூட்டும் இரசிகர் குழாம் முதலாக, எந்தச் சமுதாயமும் இந்த நான்கு வினாக்களுக்கு விடை எழுதாமல் பெயரேடு நடத்த இயலாது. மீறினால் என்ன செய்வது என்னும் கடைசி வினாவே கடினமானது. பெயரைப் பறித்தல் கடுந்தண்டனை. குற்றம் சாட்டப்பட்டவர் தம் பக்கத்தைச் சொல்லவும் மேன்முறையீடு செய்யவும் வழியில்லாத விதி விதியாகாது.

பணம் புகும்போது காவல் எவ்வளவு தளரும் என்பதற்கும் சான்று உண்டு. பொதுநல அமைப்புகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் ‘ஓர்க்’ என்னும் ஆள்களத்தை நடத்தும் பதிவகத்தைத் தனியார் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்கு 1,135 மில்லியன் டொலருக்கு விற்க 2019 நவம்பரில் ஏற்பாடாயிற்று. உலகெங்குமுள்ள தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன. 2020 ஏப்பிரல் 30 இல் ஐக்கான் அனுமதி மறுத்தது.

நம் நாட்டுப் பெயரேடும் இடர்ப்பட்டதுண்டு. 2021 பெப்ரவரி 6 ஆம் நாள் ‘எல்.கே.’ முகவரிகள் சில தாக்குதலுக்கு இலக்காகி, நாடிச் சென்றோர் வேறு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். ஏட்டின் ஒரு வரி மாறினாலே போதும், வீடு இருந்த இடத்திலேயே இருக்க, வழி மட்டும் மாறிவிடும்.

பாடசாலைகளுக்கென இலங்கைப் பெயரேட்டில் ‘எஸ்சிஎச்’ என்னும் தனிப்பிரிவு உண்டு. அதில் பெயர் பெறும் அதிபர்களுக்கு ஒரு வார்த்தை. கணினி அறிந்த இளம் ஆசிரியர் ஒருவரே பெரும்பாலும் இவ்வேலையைச் செய்வார். தம் சொந்தப் பெயரையும் சொந்த மின்னஞ்சலையும் கொடுத்துவிடுவார். ஈராண்டில் அவருக்கு இடமாற்றம் வரும். தவணை முடியும் அறிவித்தல் அவருக்குப் போகும், பாடசாலைக்கு வராது. பாடசாலையின் பெயரிலும் அதிபர் பதவியின் பெயரிலும் பதியுங்கள். கடவுச்சொல்லை உறையிலிட்டு, சம்பவத் திரட்டுப் புத்தகத்தோடு இரும்புப் பெட்டியில் வையுங்கள். பொறுப்புக் கையளிக்கும் பட்டியலில் தளபாடங்களுக்குக் கீழே அதையும் ஒரு வரியாக எழுதுங்கள்.