இடுப்புத்தளமும் தாய்மையின் வரலாறும்: சரவணையை முன்வைத்துச் சில குறிப்புகள்

தாய்மை பற்றிய நமது வரலாற்றெழுத்து பெரிதும் இறப்புக் கணக்கோடு நின்றுவிடுகின்றது. இலங்கையில் 1940களில் ஓர் இலட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 1,500க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். அண்மைக் காலத்தில் அத்தொகை ஏறத்தாழ 30 முதல் 40 வரையில் நிற்கின்றது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட பின்னர் கிராமந்தோறும் சென்ற மருத்துவமாதர்களுக்கு இதில் பெரும் பங்குண்டு. இச்சாதனையைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று. ஆயின், உயிர் தப்பிய தாய் பிள்ளைப்பேற்றின் பின் எத்தகைய உடலோடு வாழ்ந்தாள் என்பதை அக்கணக்கு கூறமாட்டாது.

வேலணைத் தீவின் சரவணைக் கிராமத்தை எடுத்துக்கொள்வோம். தீவகத்துக் கிணறுகள் பல உவர்நீர்க் கிணறுகள். நன்னீருக்குச் சாட்டி போன்ற சில இடங்களையே நம்பவேண்டியிருந்தது. குடத்தை இடுப்பிலேந்தி நீர் சுமப்பது பெண்ணின் வேலை. கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் கீழிருந்து தொட்டில்போல் தாங்குவன இடுப்புத்தளத் தசைகள். கர்ப்பகாலத்தில் பாரத்தால் தளர்ந்து, பேற்றின்போது மிக விரிந்துபோகும் இத்தசைகள் வலுப்பெறுமுன் பாரம் தூக்க நேரின், இருமும்போது சிறுநீர் கசிதலும் அடியிறக்கமும் நேரும் அபாயம் கூடுகின்றது. ‘பிள்ளை பெத்தால் உப்பிடித்தான்’ என்ற ஒரு வாக்கியத்துள் இத்துன்பம் அடக்கப்பட்டுவிடுவதை நாம் எல்லோரும் அறிவோம்.

மரபு இதை முற்றாக மறந்துவிட்டதெனக் கூறுதல் தகாது. முப்பத்தொரு நாள் துடக்கும், பத்தியக் கறியும், இலைகள் அவித்த நீரில் முழுக்கும், வயிற்றைச் சீலையால் கட்டுதலும் தாயின் உடலைக் கருதியவையே. துடக்கு தீட்டென்னும் கருத்தின் அடியாகப் பிறந்ததாயினும், பாரம் தூக்காத ஒரு மாதத்தை அவளுக்குப் பெற்றுக்கொடுத்தது. ஆனால் அம்மாதம் எவருக்கு வாய்த்தது? காணியுள்ள வீட்டு மருமகள் ஓய்ந்திருக்கலாம். கூலிக்கு உழைத்தவள் அவ்வாறிருக்க இயலுமா? மேலும், வயிற்றை மேலே இறுக்குவதனால் கீழ்த்தசை வலுப்பெறுவதில்லை.

நூலறிவு இல்லாமையும் காரணமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மோன்செல் என்பாரின் மகப்பேற்று நூலை 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ என்ற பெயரிலும், கிறேயின் உடற்கூற்று நூலை 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரிலும் தமிழாக்கினார். உடலுறுப்புகளைத் தமிழில் பெயரிட்டுப் பேசும் வழி அன்றே திறந்திருந்தது. எனினும் கிறீனிடம் வைத்தியம் கற்றோர் ஆண்கள். அச்சொற்கள் அவர்தம் மேசையைக் கடந்து பிள்ளை பெற்றவளின் அறைக்குட் புகவில்லை. பெண்களுக்கென இணுவிலில் மக்லியோட் மருத்துவமனை தோன்ற அந்நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்கவேண்டியிருந்தது.

இத்தசைகளைப் பயிற்சியால் வலுப்படுத்தலாமென்பதை அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கெகல் 1948இல் எழுதிய கட்டுரை பரவலாக அறியச்செய்தது. அவர் கருத்திற்கொண்டது பேற்றிற்குப் பிந்திய நிலையை. கர்ப்பகாலத்திலேயே பயிற்சியைத் தொடங்குவதன் பயனை 2003இல் வெளியான நோர்வே ஆய்வொன்று தெளிவாக்கியது. முதற்கருவுற்ற 301 பெண்கள் இரு குழுக்களாக்கப்பட்டனர். ஒரு குழுவினர் 20ஆம் வாரத்திலிருந்து பன்னிரண்டு வாரங்கள் இயன்மருத்துவர் ஒருவரின் வழிகாட்டலிற் பயின்றனர். வீட்டிலும் நாளுக்கு இருமுறை, எட்டு முதல் பன்னிரண்டு தடவை தசையை இறுக்கிச் சில விநாடிகள் நிறுத்தித் தளர்த்தினர். 36ஆம் வாரத்தில் சிறுநீர்க்கசிவு பயின்றோரில் 32 வீதத்தினருக்கும் ஏனையோரில் 48 வீதத்தினருக்கும் இருந்தது. பேற்றின் மூன்று மாதத்தின் பின் அது முறையே 20, 32 வீதமாயிற்று. முழுமையான காப்பு இதுவென எவரும் கூறார். ஆயினும் இவ்வேறுபாடு சிறிதன்று.

மூலபந்தத்தில் இவையெல்லாம் முன்னமே உளவென வாதிடுவோர் உளர். தசையை இறுக்கும் செயலளவில் ஒற்றுமை உண்டுதான். எனினும் அது பிராணனை அடக்க முயன்ற யோகியரின் பயிற்சி. கருவுற்ற பெண்ணுக்கு அதனை எவர் கற்பித்தார் என்பதே எமது கேள்வி. பழம்பெருமை பேசுதல் எளிது.

பயிற்சிக்குக் கருவி வேண்டியதில்லை. சரியான தசையை இனங்காண்பதிலேயே இடர்ப்பாடு உள்ளது. பலர் வயிற்றையோ பிட்டத்தையோ இறுக்கிவிட்டு, முயற்சி வீணென விட்டுவிடுவர். சிறுநீரையும் வாயுவையும் ஒருசேர அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுக்கவேண்டுமென்பதை ஒருவர் அருகிருந்து, கூச்சமற்ற தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். சரவணையில் வீடுவரை செல்லக்கூடியவர் குடும்பநல உத்தியோகத்தரே. குழந்தையை நிறுத்து எடையைக் குறித்தபின், மாமியார் முற்றத்திலிருக்கும் வேளையில், ‘தும்மினால் சலம் போகுதோ பிள்ளை?’ என்று அவர் தாயிடம் கேட்கலாம். அதற்கு முன்னரே, கர்ப்பிணிகள் சிகிச்சை நிலையத்து வாங்கில் முறைக்காகக் காத்திருக்கும் வேளையிலும் பயிற்சியைச் சொல்லிக்கொடுக்கலாம். இருந்தபடியே செய்யத்தக்கது அது.