பூனைக்கு ஒரு பங்கு, ஆத்தாளுக்கு ஒரு பங்கு

 இந்தப் பதிவும் நீளம்தான். ஒரு டம்ளர் டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவள் பிள்ளையே கல்லூரிக்குப் போகிறது. வீட்டில் பூனை வளர்க்கிறாளாம், தீனிப் பொட்டலம் விற்கிற விலையைச் சொல்லிப் புலம்பினாள். "உங்க தோட்டத்துல நாலு பூனை இருந்துச்சுன்னு வகுப்புல சொல்லுவீங்களே டீச்சர், அதுகளுக்கு என்னங்க போடுவீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் போட மாட்டோம் கண்ணு" என்று சிரித்துவிட்டு வைத்தேன். வைத்த பிறகுதான் அது சரியான பதில் இல்லை என்று தோன்றியது. காசு கொடுத்து எதுவும் வாங்கிப் போடவில்லை, அவ்வளவுதான். பூனைக்கு வீட்டில் ஒரு பங்கு இருந்தது. அந்தப் பங்கு எப்படி வந்தது, எப்போது போனது என்று யோசிக்கப்போய், வேறு ஒருத்தியின் பங்கும் கூடவே போனது நினைவுக்கு வந்தது.

எங்கள் தோட்டம் ஊத்துக்குளிக்கும் சென்னிமலைக்கும் நடுவில். கொங்கு நாட்டுக் குடியிருப்பு தஞ்சாவூர் மாதிரி தெருவாக இருக்காது. அவரவர் கிணற்றை ஒட்டி அவரவர் சாளை. பக்கத்து வீட்டை உரக்கக் கூப்பிட்டால்தான் கேட்கும். வாசல், கட்டுத்தரை, அதைத் தாண்டிக் கிளுவை வேலி போட்ட கொறங்காடு. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும். மழை குறைவான பூமி. சோளம், கம்பு, ராகி, கொள்ளு, இவைதான் விளையும். நெல்லஞ்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளி வந்தாலும்தான்.

விளைந்ததை ஒரு வருஷத்துக்குக் காப்பாற்ற வேண்டும். சோளத்தை நிலத்தில் குழி வெட்டிக் கொட்டி, மேலே தட்டு பரப்பி மண் போட்டு மூடுவார்கள். குழியைத் திறந்தவுடன் யாரும் இறங்கக் கூடாது, உள்ளே இருக்கும் கெட்ட காற்று ஆளைக் கொன்றுவிடும். அப்பாரு கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார். அணைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஆக்ஸிஜன் பாடம் நடத்தும்போதெல்லாம் உங்களுக்கு இதைத்தான் சொன்னேன். அன்றாடச் செலவுக்கான தானியம் வீட்டுக்குள் தொம்பையில் இருக்கும். மூங்கிலில் முடைந்து சாணியும் மண்ணும் பூசிய, ஆள் உயரக் கூடை அது. குழியை மண் காக்கும். தொம்பையையும் அட்டாலியையும் காக்கப் பூனைதான் வேண்டும்.

மனிதனும் பூனையும் சேர்ந்த கதையே இதுதான். மேற்காசியாவில் மனிதர்கள் தானியம் விளைவித்துச் சேமிக்கத் தொடங்கிய இடத்துக்கு எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு புதைகுழியில் மனிதருக்குப் பக்கத்திலேயே ஒரு பூனையும் கிடந்ததை 2004இல் அறிவித்தார்கள். நாம் பிடித்துப் பழக்கவில்லை, அதுவாக வந்து ஒட்டிக்கொண்டது. தொல்காப்பிய மரபியலில் குட்டி என்று சொல்லத்தக்கவை எவை என்ற இடத்தில் கீரி, வெருகு, எலி, அணில் நான்கும் ஒரே வரிசையில் வரும். பூனையையும் எலியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறார்! மாமல்லபுரத்துப் பாறையில் தவம் செய்கிற பூனையைச் சுற்றுலா போனபோது உங்களுக்குக் காட்டினேனே, அதன் காலடியிலும் எலிகள்தான். கம்பரோ, தன் காவிய ஆசையைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் போன பூனைக்கு ஒப்பிட்டார். எலி, பால், இரண்டும் இல்லாமல் பூனைக் கதை இல்லை. எங்கள் வீட்டிலும் அப்படியே.

இனிப் பாலுக்கு வருகிறேன். இரண்டு எருமை, ஒரு காங்கயம் பசு. காலையில் கறந்த பாலை மண்சட்டியில் ஊற்றி, வறட்டிக் கனலில் நாள் முழுக்கக் காயவிடுவார்கள். மாலையில் ஆடை கெட்டியாகச் சிவந்து கிடக்கும். உறை ஊற்றி, விடியுமுன் ஆத்தா மத்துக் கம்பத்தில் கயிறு சுற்றிக் கடைவாள். நான் ஆத்தா என்பது அப்பாவின் அம்மாவை. அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்கு விழிப்பு வரும், பூனைகளுக்கும். இரவெல்லாம் அடுப்புச் சாம்பல் சூட்டில் தூங்கிவிட்டு, உடம்பெல்லாம் சாம்பலோடு வந்து வரிசையாக உட்காரும். அடுப்பில் பூனை தூங்குகிறது என்றால் அந்த வீட்டில் உலை வைக்க வழியில்லை என்று அர்த்தம். ஆத்தாளுக்கு அந்தப் பேச்சே ஆகாது. 1965, 66 வறட்சியைப் பார்த்தவள். விடிந்ததும் முதல் வேலையாகப் பூனையை அடுப்பை விட்டு விரட்டுவாள். விரட்டிய கையோடு கொட்டாங்கச்சியில் மோர் ஊற்றி வைப்பாள். வெளியே கிளம்பும்போது அதே பூனை குறுக்கே போனால் திரும்பி வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போவாள். இதில் எல்லாம் முரண்பாடு பார்க்கிற ஆள் இல்லை அவள்.

பால்சட்டியின் அடியில் பிடித்த காந்தலைச் சுரண்டினால் எங்களுக்கும் பூனைக்கும் சண்டை வரும். வெண்ணெய் உறியில் ஏறிவிடும். கோடையில் அதையே முருங்கைக்கீரை போட்டு உருக்குவார்கள். அடியில் நிற்கும் கசண்டில் ராகிக்களியைப் புரட்டித் தின்றவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும், வாயைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

கம்பஞ்சோறு ஆக்குவது அரை நாள் வேலை. கம்பில் தண்ணீர் தெளித்து உரலில் குத்தி, தவிடு புடைத்து, மறுபடி குத்திக் குருணையாக்கி, கொதிக்கிற உலையில் கொட்டித் துடுப்பால் கிண்ட வேண்டும். கை விட்டால் அடி பிடிக்கும். ஆறியதும் உருட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலை மோர் ஊற்றிக் கரைத்து, சின்ன வெங்காயம் கடித்துக்கொண்டு குடிக்கலாம். கம்புக்கு மோர் இல்லாமல் தொண்டையில் இறங்காது. அதனால் மோர் விலைக்கு இல்லை. காட்டு வேலைக்கு வருபவர்கள் தூக்குப்போசியோடு வந்து வாங்கிப் போவார்கள்.

இதை மறைக்காமல் எழுத வேண்டும். அவர்களில் ஒரு பகுதியினர் வாசலுக்கு அப்பால் நிற்பார்கள், ஆத்தா எட்ட நின்று தூக்கி ஊற்றுவாள். பூனை அடுப்புக்குள் போய்ப் படுக்கலாம், அவர்கள் திண்ணையில் உட்கார முடியாது. எனக்கு அப்போது அது கண்ணில் படவே இல்லை. வாத்தியாரம்மாவாகி, அந்த வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் முன் வரிசையில் உட்கார்ந்த பிறகுதான் பட்டது. உங்களில் சிலர் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

வெண்ணெய் மட்டும் விலைக்குப் போகும். ஊத்துக்குளி வெண்ணெய் என்று வெளியூரில் பேர் வாங்கியது எங்கள் மாதிரித் தோட்டத்து அடுப்படிகளில் கடைந்ததுதான். 1860களிலேயே ஊத்துக்குளி வழியாக ரயில் பாதை வந்துவிட்டதால் சரக்கு போய்ச்சேர வசதி. வாரம் ஒருமுறை ஆத்தா வெண்ணெயை வாழை இலையில் பொதிந்து எடுத்துப்போய் வியாபாரியிடம் நிறுத்துக் கொடுப்பாள். எடையில் ஏமாற்றுவான் என்று திட்டிக்கொண்டேதான் கொடுப்பாள். அந்தக் காசு அவள் சுருக்குப்பைக்குள் போகும். அப்பாருவோ, எங்கள் அய்யனோ அதில் கை வைத்து நான் பார்த்ததில்லை. பருத்திக் காசு, மாடு விற்ற காசு ஆண்களுடையது. வெண்ணெய்க் காசு பொம்பளை காசு. எழுதாத சட்டம். அத்தைகளுக்குச் சீர், பேத்திகளுக்குக் கம்மல், எல்லாம் அதிலிருந்துதான். 1978இல் எனக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தபோது "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு?" என்று அய்யன் தயங்கினார். ஆத்தா சுருக்குப்பையை அவிழ்த்து என் மடியில் கொட்டினாள். "போடி அம்மிணி, போய்ச் சேரு" என்றாள். ஹாஸ்டல் கட்டணம், இரண்டு சேலை, டிரங்குப் பெட்டி. மீதியும் இருந்தது.

அதற்குள் எல்லாம் மாறத் தொடங்கியிருந்தது. 1967 தேர்தலில் ரூபாய்க்குப் படி அரிசி என்ற பேச்சு. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம். ரேஷன் அரிசி பை பையாக வீட்டுக்கு வந்தது. உலக்கை பிடித்துக் காய்த்துப்போன கையுள்ள எந்தப் பெண்ணும் அதை வேண்டாம் என்று சொல்லியிருக்க மாட்டாள். என் அம்மா சொல்லவில்லை. சோளக்குழி மூடிய பின் வெட்டவில்லை, தொம்பையில் கோழி அடைந்தது. மிச்சமிருந்த எலிக்குக் கடையில் கறுப்பாக ஒரு மருந்துப் பொடி வந்தது. மருந்து தின்ற எலியைத் தின்று எங்கள் சாம்பல் பூனை கிணற்றடியில் செத்துக் கிடந்தது. ஆத்தா அதை வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு, அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

பிறகு பால் சொசைட்டி. வெண்மைப் புரட்சித் திட்டம் நாட்டில் 1970இல் தொடங்கினாலும் எங்கள் ஊருக்கு வந்து சேரப் பத்து வருஷம் ஆனது. நான் சொசைட்டியைக் குறை சொல்லவில்லை. கொழுப்புச் சத்து பார்த்து விலை, தவறாமல் பட்டுவாடா. வறட்சியில் எத்தனையோ குடும்பம் அதனால்தான் மாட்டை விற்காமல் தப்பியது. ஆனால் பால் காலையும் மாலையும் கேனில் ஏறிப் போய்விட்டது. தயிர் இல்லை, கடைவது இல்லை, மோர் இல்லை. உறுப்பினர் புத்தகம் அய்யன் பெயரில். பணம் அவர் கையில். அவர் கெட்டவர் இல்லை, கிணறு வெட்டின கடனுக்கும் மோட்டார் கடனுக்கும் சரியாகக் கட்டினார். சுருக்குப்பையில் வெற்றிலையும் பாக்கும் மட்டும் இருந்தன.

1982இல் என் தங்கச்சி பிளஸ் டூ முடித்தாள். என்னைவிட அதிக மார்க். அவளுக்கும் பயிற்சிக்குப் போக ஆசை. அய்யன் தயங்கினார், என் விஷயத்தில் தயங்கிய அதே மாதிரி. ஆத்தா சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளிடம் அவிழ்க்க ஒன்றும் இல்லை. எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது, முதல் சம்பளமே கைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் நான் எதிர்த்துப் பேசியிருப்பேனா, தெரியாது. அடுத்த தை மாதம் அவளுக்குக் கல்யாணம். அவளும் இந்தப் பதிவைப் படிப்பாள். படித்துவிட்டு "இதையெல்லாம் ஏன்க்கா எழுதுற" என்று போன் செய்வாள். செய்யட்டும்.

தோட்டத்து வீட்டில் இப்போது தம்பி குடும்பம். உறி தொங்கிய இரும்புக் கொக்கி மட்டும் விட்டத்தில் அப்படியே இருக்கிறது, அதில் இப்போது கரண்ட் வயரைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். ஒரு பூனை இருக்கிறது, ஸ்கூட்டர் சீட்டில் படுத்திருக்கும். பாக்கெட் பால் வைத்தால் குடிக்கும்.

ஊத்துக்குளி, காங்கயம், சென்னிமலைப் பக்கத்துப் பிள்ளைகளே, யார் வீட்டிலாவது பழைய தொம்பையோ மத்துக் கம்பமோ இருந்தால் படம் எடுத்துக் கீழே போடுங்கள். உங்கள் ஆத்தா, அமுச்சி இருந்தால் இன்றைக்கே கேளுங்கள்: வெண்ணெய் விற்ற காசு அவர்கள் கையில் இருந்ததா, அதில் முதலில் என்ன வாங்கினார்கள் என்று. அவர்கள் சொன்னதை அப்படியே, அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைக்க மாட்டேன்.