சீவகன் அரசெய்திய வகை

சீவக சிந்தாமணியை மணநூல் என வழங்கும் வழக்கு அந்நூலின் மற்றொரு பொருளை மறைத்துவிட்டது. எட்டு மகளிரை மணந்தவன் கதையாகவே அதனைக் கற்றுப் பழகிய நாம், நாடிழந்தவன் நாடெய்திய கதையாக அதனை நோக்குதல் அரிது. இலம்பகங்கள் 13-இல் மண்மகள் இலம்பகம் பத்தாவதாக நிற்கின்றது. அதுகாறும் ஊரார் கண்ணுக்குச் சீவகன் வணிகன் கந்துக்கடனின் மகனே.

மயிற்பொறியில் ஏறிப் போந்த விசயை அவனை ஈன்ற இடம் சுடுகாடு. இறந்த தன் மகவை அங்குக் கொணர்ந்த கந்துக்கடன், உயிருள்ள மகவொன்றைக் கண்டெடுத்து மீண்டான். பிறப்புண்மையைப் பின்னர் உரைத்த ஆசிரியன் அச்சணந்தி, ஓராண்டு பகைமேற் செல்லலாகாது என்றும் கட்டுரைத்தான். இக்கட்டளையே காப்பியத்தின் உயிர்நிலை என்பது எம் கருத்து. படையின்றி, பெயரின்றி, காலங்கருதி நிற்க வேண்டியவனுக்குக் கல்வியும் சூழ்ச்சியுமே கருவிகள் ஆகின்றன.

அரசன் படை தோற்ற இடத்தில் அவன் ஆநிரை மீட்கின்றான். யாழால் காந்தருவதத்தையை வெல்கின்றான். வணிகன் மகன் வென்றதனைப் பொறாத அரசர் போர்க்கெழுந்தமை ஈண்டு நோக்கத்தக்கது. ஆநிரை மீட்டமைக்குப் பரிசாக நந்தகோன் அளித்த கோவிந்தையை அவன் தான் கொள்ளாது பதுமுகனுக்குக் கொடுத்தான். அது குலங்கருதிய செயலாயின், வணிகக் கோலத்துள்ளும் அரச நினைவு உறங்கவில்லை எனல் வேண்டும். புலவர் இதனை விரித்துரையார், விரியாமையே நன்று.

வியத்தகு நிகழ்ச்சிகளும் இந்நெறியிலேயே அமைகின்றன. இறக்குந் தறுவாயில் அவனிடம் மந்திரம் கேட்ட நாய் சுதஞ்சணன் என்னுந் தேவனாகி, கட்டியங்காரன் ஆட்களிடமிருந்து அவனை விடுவிக்கின்றது. இனிய குரல், நஞ்சு தீர்த்தல், வேற்றுருக் கோடல் ஆகிய மூன்று மந்திரங்களையும் அளிக்கின்றது. படைக்கலம் ஒன்றும் அளிக்கவில்லை! நஞ்சு தீர்த்துப் பதுமையைப் பெற்றான். முதியவன் உருக்கொண்டு சுரமஞ்சரியை எய்தினான்.

எனினும், அறிவு ஒன்றே அரியணை தந்தது என்பார்க்கு நாம் உடன்படோம். இறுதியில் திரிபன்றியை எய்து வீழ்த்திய வில் அவனுடையது. களம் அமைத்தவனோ தாயின் உடன்பிறந்த விதேய வேந்தன் கோவிந்தன். தாய்வழித் துணையின்றிக் கட்டியங்காரன் வீழ்ந்திலன்.

இவ்விடத்து ஒரு வரலாற்றுச் செய்தி நினைவிற்கு வருகின்றது. அநபாய சோழன் சிந்தாமணியில் ஈடுபட்டிருந்தான் எனச் சேக்கிழார் புராணம் கூறும். அவ்வீடுபாட்டிற்கு நூலின் காமச்சுவையையே காரணங் காட்டுவர். அநபாயன் எனப்படும் இரண்டாங் குலோத்துங்கனின் பாட்டன் முதற் குலோத்துங்கன், வேங்கிச் சளுக்கிய மரபிற் பிறந்து, தாய் அம்மங்கைதேவி வழியாகச் சோழ உரிமை கொண்டு, 1070-இல் அரசெய்தியவன். சிந்தாமணி அவனுக்கு முற்பட்டதென்பதே பெரும்பான்மையோர் கொள்கையாதலின், அந்நூல் அவனை எண்ணிப் பாடப்பட்டதெனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும், வேற்றிடத்தில் வளர்ந்து தாய்வழித் துணையால் முடி புனைந்தவன் கதையைப் பெயரன் அவையிற் கேட்டவர்கள், அதனைச் சிற்றின்பத்திற்காக மட்டுமே கேட்டனர் என்று துணிதற்குச் சான்றில்லை.