கோவையில் படித்தவரும் ஓட்டுநர் இல்லாத காரும்

ஓட்டுநர் இல்லாத கார் என்றதும் கேமராவும் ரேடாரும் கூரையில் சுழலும் லேசர் கருவியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் காரின் கணினி சரியான முடிவை எடுத்தால் மட்டும் போதாது, சரியான நேரத்தில் எடுக்க வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் அரை நொடியில் 11 மீட்டர் கடந்துவிடும். பிரேக் போடும் உத்தரவு அரை நொடி தாமதமானால், அந்த 11 மீட்டருக்குள் நிற்பவர் கதி என்ன?

இந்த நேரப் பிரச்சினையில் முக்கியமான வேலை செய்தவர்களில் ஒருவர் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த ரகுநாதன் ராஜ்குமார். 1984-ல் பொறியியல் பட்டம் வாங்கி அமெரிக்கா போனார். பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1989-ல் முனைவர் பட்டம் பெற்று, பிறகு அங்கேயே பேராசிரியரானார். 1990-ல் லூயி ஷா, ஜான் லெஹோஸ்கி ஆகியோருடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை, கணினித் துறையில் இன்றும் பேசப்படுகிறது.

அதன் சாரத்தை நம்ம ஊர் உதாரணத்தில் சொல்கிறேன். ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட் பக்கம் ஒரு குறுகலான சந்து என்று வைத்துக்கொள்வோம். சந்துக்குள் ஒரு மாட்டுவண்டி, அதன் பின்னால் ஆம்புலன்ஸ். வண்டி வெளியே போனால்தான் ஆம்புலன்ஸ் நகர முடியும். ஆனால் முனையில் லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. லாரிக்கு மாட்டுவண்டி வழிவிட்டே தீர வேண்டும் என்பது விதி. ஆக, உயிர் காக்கும் வண்டி தக்காளி லாரிகளுக்காகக் காத்துக் கிடக்கிறது! கணினிக்குள் பல வேலைகள் ஒரே பொருளைப் பங்கிடும்போதும் இப்படித்தான் ஆகும். மூவரும் சொன்ன தீர்வு எளிமையானது. பின்னால் ஆம்புலன்ஸ் நிற்கும்வரை அதன் முன்னுரிமையை மாட்டுவண்டிக்குக் கொடுத்துவிடு. வெளியே வந்ததும் அது பழையபடி மாட்டுவண்டிதான்.

ஏட்டுச் சுரைக்காய் என்று நினைக்க வேண்டாம். 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கிய நாசாவின் பாத்ஃபைண்டர் கலம், சில நாட்களில் தன்னைத்தானே திரும்பத் திரும்ப அணைத்துப் போட ஆரம்பித்தது. காரணம், வானிலைத் தகவல் சேகரிக்கும் சாதாரண வேலை ஒன்று மாட்டுவண்டியாகி, முக்கியமான வேலையை மறித்துக்கொண்டிருந்தது. மேலே சொன்ன தீர்வு மென்பொருளில் ஏற்கெனவே இருந்தது, ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பூமியிலிருந்தபடியே அதை இயக்கிவிட்டார்கள், கோளாறு தீர்ந்தது.

அடுத்து கார். 2007 நவம்பர் 3 அன்று கலிஃபோர்னியாவின் விக்டர்வில்லில் அமெரிக்க ராணுவத்தின் ஆய்வு அமைப்பான டார்பா ஒரு போட்டி நடத்தியது. நகரச் சாலை போன்ற பாதையில் மற்ற வண்டிகளுக்கு நடுவே ஆளில்லாமல் ஓட வேண்டும். ராஜ்குமாரும் இடம்பெற்ற கார்னகி மெலன் அணியின் 'பாஸ்' என்ற கார் முதலிடம் பிடித்து 20 லட்சம் டாலர் வென்றது. 2013 செப்டம்பரில் அவரது குழுவின் கெடிலாக் கார், அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரை ஏற்றிக்கொண்டு பிட்ஸ்பர்க் விமான நிலையம் வரை 33 மைல் ஓடியது. ஏறக்குறைய திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் தூரம்.

பழனி ரோட்டில் அது ஓடுமா?

2018 மார்ச்சில் அரிசோனாவின் டெம்பே நகரில் நடந்ததைப் பாருங்கள். இது ராஜ்குமாரின் கார் அல்ல, உபர் நிறுவனம் சோதித்த கார். இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த பெண் மீது மோதியது, அவர் இறந்துபோனார். மோதலுக்கு 5.6 நொடிகளுக்கு முன்பே கருவி அவரைக் கண்டுவிட்டது என்கிறது அரசு விசாரணை. கார் ஓடிய வேகத்துக்கு அது நூறு மீட்டருக்கும் அதிகமான தூரம். ஆனால் கணினி 'வாகனம்', 'வேறு ஏதோ', 'சைக்கிள்' என்று மாற்றி மாற்றிப் பெயர் வைத்தது. பெயர் மாறும்போதெல்லாம் அவர் வந்த பாதையை மறந்து, புதிதாகக் கணக்குப் போட்டது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் மனிதர் நடப்பார் என்பதே அதன் கணக்கில் இல்லை. உள்ளே இருந்த கண்காணிப்பாளரும் சாலையைப் பார்க்கவில்லை.

தைப்பூச சமயத்தில் நம் பழனி ரோட்டை நினைத்துப் பாருங்கள். காவடி, தலையில் மூட்டை, தோளில் குழந்தை, முதுகுப் பையில் ஒளிரும் ஸ்டிக்கர் என இரவெல்லாம் ஆயிரக்கணக்கில் நடக்கிறார்கள். இவர்களில் பலருக்கு அந்தக் கணினியின் பட்டியலில் பெயரே இருக்காது.

காமர்ஸ் மாணவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். நாளைக்கு இந்தக் கார்களை விற்கிறவர்களும் இன்சூரன்ஸ் போடுகிறவர்களும் நம்மில் சிலராகத்தான் இருப்போம். எதிரே இருப்பது என்னவென்று தெரியாவிட்டாலும் முதலில் நிற்கத் தெரியுமா என்ற கேள்வியை, மைலேஜ் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்.