மீற்றர் சொல்லாத மைல்கள்: தீவுப்பகுதியின் பழைய கார்களும் அவற்றின் விலையும்

பழைய கார் ஒன்றை வாங்கப் போகும் இலண்டன்காரரும் ரொறன்ரோக்காரரும் முதலிற் கேட்பது அது எவ்வளவு தூரம் ஓடியிருக்கின்றது என்பதையே. யாழ்ப்பாணத்திலும் அதன் தீவுப்பகுதிகளிலும் ஓடிய ஒஸ்ரின், மொறிஸ் கார்களைப் பொறுத்தவரை இக்கேள்விக்குப் பொருளே இல்லை. 1950களில் இங்கிலாந்திலிருந்து வந்த அந்தக் கார்களின் மீற்றரில் ஐந்து இலக்கங்களே உண்டு. 99,999 மைல் கடந்ததும் அது பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். எத்தனை முறை அவ்வாறு திரும்பியது என்பதை எந்தச் சொந்தக்காரரும் எழுதி வைக்கவில்லை. பல கார்களில் மீற்றரின் வயர் எப்போதோ அறுந்துபோய், முள் அசையாமலே காலம் கழிந்தது.

அப்படியாயின் அந்தக் கார்களுக்கு விலை மதித்தது எவ்வாறு? அதைச் சொல்ல வேண்டுமாயின் இந்த நாட்டின் பொருளாதாரத்தையும் போரையும் ஒருங்கே சொல்லியாக வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் இலங்கைக்கு அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோனது. 1977இல் ஜே. ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்து பொருளாதாரத்தைத் திறந்துவிடும்வரை ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்த கார்களே கைமாறிக்கொண்டிருந்தன. உலகெங்கும் ஆண்டு ஏற ஏறக் காரின் விலை இறங்கும். இங்கே இறங்கவில்லை. பத்தாண்டு பழசான மொறிஸ் மைனரை வாங்கிய விலைக்கு மேல் விற்றவர்கள் இருந்தார்கள். ஆகவே கார் என்பது காணி, நகை போன்று ஒரு சொத்தாயிற்று. சொத்தாகிவிட்ட பொருளை யார் பழசென்று வீசுவார்கள்?

புங்குடுதீவைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். கொழும்பிலும் தென்னிலங்கையின் பல பட்டினங்களிலும் கடை வைத்துப் பொருளீட்டிய வணிகர்களின் ஊர் அது. மலாயாவுக்குப் போய்வந்தவர்களும் உண்டு. வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் நெடிய கடற்பாலத்துக்கு, அதற்காக உழைத்த பெரியவாணர், சின்னவாணர் என்ற இருவரின் நினைவாகவே வாணர் பாலம் என்ற பெயர் வழங்குகின்றது. பாலம் வந்த பின்னர்தான் கொழும்பில் வாங்கிய கார் பண்ணைத் தாம்போதியையும் வேலணையையும் கடந்து நேரே வீட்டு முற்றம்வரை வந்து நின்றது. குறிகட்டுவான் துறைமுகத்துக்கு நயினாதீவு, நெடுந்தீவுப் பயணிகளை ஏற்றிவரும் வாடகைக் கார்களுக்கும் இந்த வழியே பிழைப்பைக் கொடுத்தது.

அந்தப் பாதையின் இரு புறமும் கடல். சோளகக் காற்று வீசும் மாதங்களில் உப்புநீர்த் திவலை தெறித்துக் காரின் அடிப்பாகத்தில் படியும். கழுவலாமென்றால் கிணற்று நீரும் பெரும்பாலும் உவர். உவர்நீரை றேடியேற்றருக்குள் ஊற்றினால் அது சில ஆண்டுகளிலேயே அடைத்துக்கொள்ளும். ஆகவே தீவுப்பகுதிக் கார் ஒன்றைப் பார்க்க வந்த விபரமறிந்தவர் முன்னுக்கு நின்று மினுக்கத்தைப் பார்க்க மாட்டார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிலத்திற் குனிந்து அடித்தகட்டைத் தட்டிப் பார்ப்பார். மொறிஸ் மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது. அதன் உடலே அதன் எலும்புக்கூடு. கதவுக்குக் கீழேயுள்ள பெட்டித் தகடும் பின் வில்லுகள் பூட்டிய இடமும் உக்கிவிட்டால் எஞ்சின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை. எஞ்சினைக் கழற்றி மாற்றலாம். உக்கிய உடலை ஒட்டி ஒட்டி எத்தனை நாளைக்கு ஓட்டுவது?

இதிலே ‘ரவலர்’ என்ற ஸ்ரேசன் வாகன் வகைக்கு இன்னொரு சிக்கல். 1953இல் அறிமுகமாகி 1971வரை உற்பத்தியான இந்த வண்டியின் பின்பாதி, ஆஷ் என்னும் ஐரோப்பிய மரத்தாலான சட்டத்தில் நிற்கின்றது. அழகுக்கு வைத்த மரமென்றே பலர் நினைக்கின்றார்கள். உண்மையில் கூரையையும் பக்கத் தகடுகளையும் தாங்குவது அந்த மரமே. இங்கிலாந்தில் வருடாந்தப் பரிசோதனை இந்த வண்டிக்குக் கட்டாயமாயிருந்த காலத்தில், மரம் உக்கியிருந்தால் வண்டி தேறவில்லை. நம் நாட்டு வெப்பத்திலும் மாரி மழையிலும் அந்த மரம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை, கறையான் வேறு. பின்கதவின் கீழ்மூலையில் பேனாக்கத்தியின் நுனியை அழுத்திப் பார்ப்பதே அதற்குரிய பரிசோதனை. நல்ல தச்சர் ஒருவர் தேக்கில் செய்து மாற்றியிருந்தால் அந்த வண்டிக்குத் தாராளமாகக் கூடுதல் விலை கொடுக்கலாம் என்பது என் கணிப்பு.

வேகத்தைப் பற்றி இந்தக் கார்களிடம் பேசக்கூடாது. 948 சி.சி. மைனரின் வலு 37 குதிரைவலு. இன்றைய பெரிய மோட்டார் சைக்கிள்களிற் பல அதனை விஞ்சிவிடும். ஆனால் ஊரில் எதிர்பார்க்கப்பட்ட திறன் வேறு. கலியாண வீட்டுக்காரர் எட்டுப் பேர், மேலே வாழைக்குலை, இரவில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய கர்ப்பிணிப் பெண், இவ்வளவையும் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் இடையில் நில்லாமற் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதைச் செய்த கார் நல்ல கார்.

இலக்கத் தகட்டைப் பார்த்தும் வயதை மட்டிடலாம். சிலோன் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து எடுத்த சி.ஈ., சி.எல்., சி.என்., சி.வை., ஈ.எல்., ஈ.என்., ஈ.வை. என்ற எழுத்துக்கள் தாங்கியவை மூத்தவை. அடுத்து வந்தது சிங்கள ஸ்ரீ. அந்த எழுத்துக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி 1958இல் நடத்திய போராட்டத்தையும், அதே ஆண்டு மே மாதத்து இனக்கலவரத்தையும் மூத்த வாசகர்கள் அறிவார்கள். ஒரு காரின் தகடு நாட்டின் அரசியலைத் தீர்மானித்த காலம் அது.

பின்னர் 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் கிடையாது. 1990இலும் 1991இலும் நடந்த படை நடவடிக்கைகளால் தீவுப்பகுதி மக்கள் பெருமளவில் இடம்பெயர்ந்தார்கள். புங்குடுதீவில் வீடுகள் பூட்டியும் பூட்டாமலும் கிடந்தன. கொண்டுபோக முடியாத கார்கள் முற்றத்திலேயே நின்று துருப்பிடித்தன. குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டவை மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

இதனை நம்பாத வெளிநாட்டு நண்பர்கள் உண்டு. இதில் அதிசயம் ஏதுமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எரிபொருளில் ஓடுவதற்கென்றே குறைந்த அமுக்கத்துடன் செய்யப்பட்டது. பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களின் அமுக்கமும் குறைவு. ஆகவே மண்ணெண்ணெயை அவை ஓரளவு பொறுத்துக்கொண்டன. அதிக அமுக்கமுள்ள புதிய யப்பானிய எஞ்சின்கள் தட்டுப்பட்டு அடம்பிடித்தன. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது என்பதால், சிறு போத்தலில் காத்து வைத்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வார்கள். சூடேறியதும் மண்ணெண்ணெய் பிடித்துக்கொள்ளும். தெருவெங்கும் வெண்புகை. கிழவனென்று ஒதுக்கப்பட்ட ஏ-40 சோமர்செற்றின் மதிப்பு அந்நாட்களில் அதனிலும் முப்பது வயது இளைய கார்களை விஞ்சி நின்றது. 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வெளியேறிய இரவிலும், வயோதிபர்களையும் நோயாளரையும் சுமந்த வாகனங்களுள் இவையும் இருந்தன.

ஆனால் மண்ணெண்ணெய் இலவசமாக ஓட்டவில்லை. முழுமையாக எரியாத எண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். கீழேயிருக்கும் ஒயில் தண்ணீராகும். ரிங்குகளும் பெயாரிங்குகளும் தேயும். ஆகவே போர்க்காலக் கார் ஒன்றை மதிப்பிட மீற்றரை விட்டுவிட்டு ஒயில்கம்பியை இழுத்து மணந்து பார்த்தார்கள். மண்ணெண்ணெய் மணத்தால் விலை குறையும். மலையேற்றமே இல்லாத யாழ்ப்பாணத்தில், நின்ற இடத்திலேயே கியரைப் போட்டு எஞ்சினைத் திணறவைத்து நீலப்புகை வருகின்றதா என்று பார்த்ததும் உண்டு. சிலர் வெறுத்துப்போய் டீசல் எஞ்சினைப் பூட்டிவிட்டார்கள். ஓட்டத்துக்கு அது நல்லது. பிற்காலத்தில் சேகரிப்போர் தேடி வந்தபோது அதுவே விலையை வீழ்த்தியது.

2002 ஏப்பிரலில் ஏ-9 வீதி திறந்ததும் அவர்கள் வந்தார்கள். தெற்கிலே மொறிஸ் மைனர் மீது பற்றுக்கொண்டோர் எப்போதும் உண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், அந்தக் காரின் தகடுகளை இலங்கையில் செய்வித்து அங்கே கொண்டுபோனார் என்பது பலருக்குத் தெரியாது. புதிய காரின் விலைவீழ்ச்சியை விடப் பழைய காரைத் தொடர்ந்து பழுதுபார்க்கும் செலவு குறைவு என்பது அவர் 1980களில் முன்வைத்த வாதம். யாழ்ப்பாணத்துக் கராஜ்காரர்கள் அதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

2020இல் நாடு மீண்டும் கார் இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் தடை நீங்கியது. இடையில் 2022இல் பெற்றோல் வரிசைகள் நீண்டபோது பழைய நினைவில் மண்ணெண்ணெயைத் தேடியவர்களுக்கு அதுவும் அகப்படவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குத் தாவியது.

இன்று புங்குடுதீவில் வேலி தாண்டி வளர்ந்த பற்றைக்குள் அப்படியொரு கார் கிடந்து, அதனை யாராவது விலை கேட்டால், துருவை விடப் பெரிய தடை ஒன்று உண்டு. பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயர் 1991க்கு முன் ஊரைவிட்டுப் போன ஒருவருடையதாக இருக்கும். அவர் கனடாவில் காலமாகியிருக்கலாம். பிள்ளைகள் நான்கு நாடுகளில் இருக்கலாம். புத்தகமே இடப்பெயர்வில் தொலைந்திருக்கலாம். கையெழுத்தில்லாமல் பெயர் மாற்ற முடியாது. பெயர் மாற்ற முடியாத கார், அடித்தகடு எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வாங்குபவருக்கு உதிரிப்பாகங்களின் விலைதான் பெறும். ஊரில் அப்பாவின் கார் நிற்கும் அன்பர்கள் தரகரிடம் பேசுமுன் அந்தப் புத்தகம் எந்தப் பெட்டிக்குள் இருக்கின்றது என்று அம்மாவிடம் கேட்டுப் பார்க்கவும்.