கோழிக்கூடும் கண்ணாடி வீடும்

குருமடத்தில் பயின்ற நாள்களில் நம் கைக்கு வந்த முதல் நிழற்படக் கருவி நமக்குச் சொந்தமானதன்று. சிற்றப்பா ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததை விடுமுறைக்கு மட்டும் இரவலாகத் தந்தார். முப்பத்தாறு படங்களுக்குரிய ஒரு சுருளை வாங்க இரண்டு மாதக் கைச்செலவுப் பணத்தைச் சேர்க்க வேண்டியிருந்தது. ஊர்த் திருவிழாவில் கொடியேற்றம் தொடங்கித் தேர்ப்பவனி வரை முப்பத்தாறு முறை மூச்சை அடக்கிப் பொத்தானை அழுத்தினோம். கழுவக் கொடுத்த சுருள் மூன்றாம் நாள் கண்ணாடிபோல் தெளிவாகத் திரும்பி வந்தது. ஒரு நிழலும் அதில் இல்லை. சுருளின் நுனியைப் பற்சக்கரத்தில் நாம் சரியாக மாட்டவே இல்லையாம். திருவிழா முழுவதும் கருவி வெறுமனே சுழன்றிருக்கிறது. தேரின்முன் நின்று நமக்காகவே மீசையை முறுக்கிக்கொண்ட பெரியவர் ஒருவர், படம் எங்கே என்று அடுத்த விடுமுறையிலும் கேட்டார். அதற்கடுத்த விடுமுறையில் அவர் இல்லை.

இப்பழைய வெட்கத்தை மீண்டும் நினைவூட்டியவர் ஓர் ஆங்கில அம்மையார். நிழற்படக் கலையின் வரலாற்றைப் படிப்போர் எவரும் அவரைத் தவிர்த்துச் செல்ல முடியாது. ஜூலியா மார்கரெட் கேமரூன் என்பது அவர் பெயர். கருவிக்கும் கேமரா என்றே பெயராக இருப்பதால் சிலர் வேடிக்கையாக இரண்டையும் முடிச்சுப் போடுவர். உண்மையில் இரண்டுக்கும் தொடர்பில்லை.

அவர் 1815ஆம் ஆண்டு ஜூன் 11 அன்று கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர்; தாய் பிரெஞ்சு வழியினர். 1838இல் தம்மினும் இருபது வயது மூத்தவரான சார்லஸ் ஹே கேமரூன் என்னும் சட்ட அறிஞரை மணந்தார். இந்தப் பெயர் இலங்கை வரலாறு அறிந்தோர்க்குப் புதிதன்று. கோல்புரூக் – கேமரூன் ஆணைக்குழு என்று பாடநூல்கள் கூறுமே, அந்தக் கேமரூன் இவர்தாம். அக்குழுவின் அறிக்கைகளின் பயனாக இராசகாரியம் என்னும் கட்டாய ஊழிய முறை 1832இல் ஒழிந்தது. மறு ஆண்டு தீவு முழுவதும் ஒரே ஆட்சியமைப்பின்கீழ் வந்தது. அதே கேமரூன் பின்னாளில் இலங்கை மலைநாட்டில் பெருநிலம் வாங்கிக் காப்பித் தோட்ட உரிமையாளரானார். கட்டாய ஊழியம் ஒழிந்த நாட்டில் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. தமிழகத்து வறண்ட மாவட்டங்களிலிருந்து கடல் கடந்து, காட்டு வழியே கால்நடையாய் நடந்து மலையேறிய நம் மக்களின் உழைப்பால் அத்தேவை நிறைந்தது. அவ்வழியில் நோயாலும் பசியாலும் விழுந்தோர் பலர். நிழற்படத்தைப் பற்றிப் பேச வந்த இடத்தில் இது எதற்கு என்று வாசகர் எண்ணலாம். அந்த அம்மையாரின் கலைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை மறந்துவிட்டு அவரது கதையைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

கேமரூன் குடும்பம் 1848இல் இங்கிலாந்து திரும்பியது. 1860இல் வைட் தீவின் ஃபிரெஷ்வாட்டர் என்னும் கடலோர ஊரில், கவிஞர் டென்னிசனின் அண்டை வீட்டாராய்க் குடியேறியது. வீட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் டிம்போலா. இலங்கைத் தோட்டமொன்றின் நினைவு. 1863 டிசம்பரில் கணவர் தோட்டங்களைப் பார்க்க இலங்கை சென்றிருந்தபோது, தனித்திருந்த தாய்க்குப் பொழுதுபோகட்டுமே என்று மகளும் மருமகனும் ஒரு நிழற்படக் கருவியைப் பரிசளித்தனர். அம்மையாருக்கு அப்போது வயது நாற்பத்தெட்டு. பேரன் பேத்திகளைக் கொஞ்ச வேண்டிய வயதில் அவர் புதிய கலையொன்றைக் கற்கத் தொடங்கினார்.

நிலக்கரி வைத்திருந்த அறை இருட்டறையாயிற்று. கோழிக்கூட்டின் கூரைக்கும் சுவருக்கும் கண்ணாடி போடப்பட்டு அது படப்பிடிப்புக் கூடமாயிற்று. கோழிகளுக்கு விடுதலை கிடைத்தது என்று எழுதிய அம்மையார், அவை உணவு மேசைக்குப் போகவில்லை என நம்புவதாகவும் குறும்பாகச் சேர்த்துக்கொண்டார். 1874இல் அவர் எழுதி முடிக்காமல் விட்ட தன்வரலாற்றுக் குறிப்புக்கும் அந்தக் கண்ணாடி வீட்டின் பெயரையே சூட்டினார்.

இன்று கைப்பேசியால் நொடிக்கொரு படம் எடுக்கும் இளைஞர்க்கு அக்காலத்து முறையைச் சற்று விளக்கியாக வேண்டும். ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்பவர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை அது. பெரிய கண்ணாடித் தகடொன்றைத் துடைத்துத் தூய்மையாக்கி, கொலோடியன் என்னும் பசைநீரைத் திட்டுத் திட்டாகப் படியாமல் அதன்மேல் சாய்த்துச் சாய்த்துப் பரப்ப வேண்டும். பிறகு இருட்டறையில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் அதை அமிழ்த்த வேண்டும். ஈரம் காயும் முன்னரே கருவியில் பொருத்திப் படம் பிடித்து, ஓடிவந்து கழுவவும் வேண்டும். காய்ந்தால் எல்லாம் வீண். படத்தை நிலைநிறுத்தச் சிலர் பொட்டாசியம் சயனைடைப் பயன்படுத்தினர்; கொடிய நஞ்சு அது. அம்மையாரின் நெடுநாள் நண்பரும் வானியல் அறிஞருமான சர் ஜான் ஹெர்ஷல் அது குறித்து அவரைக் கடிதத்தில் கண்டித்து எச்சரித்தார். இத்தனைக்கும் பிறகு, முட்டை வெண்கரு பூசிய தாளில் சூரிய ஒளியால் அச்செடுத்து, தங்க உப்பில் நிறமேற்ற வேண்டும். வெள்ளியும் தங்கமும் தண்ணீராய்ச் செலவழிந்தன. தண்ணீரும் கிணற்றிலிருந்து குடம் குடமாக வரவேண்டியிருந்தது. வெள்ளி நைட்ரேட்டு பட்ட கைகளும் ஆடைகளும் மேசைத் துணிகளும் கறுத்துப் போயின. அந்தக் கறுத்த விரல்களோடுதான் அம்மையார் விருந்தினரை வரவேற்றார்.

முதற்படத்தின் கதை நமக்கு மிகவும் ஆறுதலானது. உழவர் ஒருவரை மணிக்கு இரண்டரை ஷில்லிங் கூலிக்கு அமர்த்திப் பலமுறை முயன்று ஒரு படத்தை எடுத்தார். வெற்றி பெற்றோம் என்று மகிழ்ந்த வேளையில், தகட்டின் ஈரப் பக்கத்தைத் தம் கையாலேயே தடவி அழித்துவிட்டார். நமது வெற்றுச் சுருளுக்கு ஓர் உயர்ந்த தோழமை கிடைத்ததாக இதைப் படித்தபோது எண்ணிக்கொண்டோம்.

1864 ஜனவரி இறுதியில் ஆனி என்னும் சிறுமி அசையாமல் அமர்ந்தாள். படம் விழுந்தது. அம்மையார் குழந்தைக்கு என்ன பரிசு தருவதென்று வீடெல்லாம் ஓடித் தேடினாராம்; அந்தப் படத்தை முழுக்க முழுக்க அவளே ஆக்கியதுபோல் அவருக்குத் தோன்றிற்று. அன்றே அச்செடுத்துச் சட்டமிட்டு அவள் தந்தையிடம் கொடுத்துவிட்டார். அப்படம் இன்றும் உள்ளது. பெரிய பொத்தான்கள் வைத்த குளிராடை, சற்றுத் திரும்பிய முகம், கலைந்த தலைமுடி. இறையியலில் அருள் என்னும் சொல்லை விளக்க எத்தனையோ பக்கங்கள் எழுதியிருக்கிறார்கள். உழைத்துப் பெற்றதைப் பெறாப் பேறாகக் கண்டு பரிசு தேடி ஓடிய அந்தப் பெண்மணியை அப்பக்கங்களின் ஓரத்தில் எழுதிவைக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

தொழில்முறை நிழற்படக்காரர்கள் அவரை ஏளனம் செய்தனர். படங்கள் கூர்மையாக இல்லை. தூசியும் விரல்ரேகையும் தெரிகின்றன. தகடு கழுவத் தெரியாத பணக்கார வீட்டுப் பெண்ணின் விளையாட்டு என்றெல்லாம் இதழ்கள் எழுதின. அவற்றில் ஓரளவு உண்மை இருந்தது என்பதே நம் கருத்து. ஆயினும் கண்ணாடியைத் திருகும்போது எந்த இடத்தில் முகம் தமக்கு அழகாய்த் தோன்றியதோ அங்கேயே அவர் நிறுத்திக்கொண்டார். பிறர் குற்றம் என்றதை அவர் தெரிந்தே தம் வழியாக்கிக்கொண்டார். பெர்லின் கண்காட்சி 1866இல் அவருக்குப் பொற்பதக்கம் அளித்தது. இலண்டனின் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இலேயே அவர் படங்களை விலைக்கு வாங்கி, 1868இல் இரண்டு அறைகளையும் படப்பிடிப்புக்காகத் தந்தது. ஹெர்ஷல், கார்லைல், டார்வின் ஆகியோரின் முகங்களை உலகம் இன்று நினைவுகூர்வது பெரும்பாலும் அவர் கண்வழியே.

அவர் படங்களில் அன்னை மரியாவாகத் தோன்றியவர் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர். இன்னொரு மேரி, மேரி ரயன், தெருவில் இரந்துநின்ற ஐரிஷ் பெண்ணொருத்தியின் மகள். அம்மையார் வீட்டில் வளர்ந்தவர். கண்காட்சியில் அவரைக் கண்ட ஹென்றி காட்டன் என்னும் இளைஞர் 1867இல் அவரையே மணந்தார். இந்திய ஆட்சிப் பணியில் இருந்து, 1904இல் இந்திய தேசிய காங்கிரசின் தலைவரான அதே சர் ஹென்றி காட்டன்தான் அவர்.

ஆனால், புகழ் வந்த அளவுக்குப் பணம் வரவில்லை. படங்களை விற்று மக்களின் படிப்புச் செலவை ஈடுகட்டலாம் என அம்மையார் நம்பினார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைப் பதிப்புரிமைக்காகப் பதிவு செய்தார். விற்பனையோ செலவை எட்டவில்லை. 1869இல் இரண்டு இடிகள் சேர்ந்து விழுந்தன. மிகச் சிறந்த தகடுகள் பலவற்றில் மேற்பூச்சு தேன்கூடுபோல் வெடித்துச் சிதறத் தொடங்கியது. நிழற்படச் சங்கத்தாரிடம் காட்டிக் காரணம் கேட்டார். கடற்காற்றின் ஈரம் என்றனர் சிலர், கழுவியது போதாது என்றனர் வேறு சிலர். அதே ஆண்டு இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. சில ஆண்டுகளில் அது காப்பித் தொழிலையே வேரறுத்தது.

1875இல் முதியவரான கணவரின் விருப்பப்படியும் பணநெருக்கடியாலும் குடும்பம் இலங்கைக்குக் கப்பலேறியது. பயணப் பெட்டிகளோடு இரண்டு சவப்பெட்டிகளையும் பண்டம் நிரப்பி எடுத்துச் சென்றார்கள் என்பர். துறைமுகத்தில் சுமைகூலிக்குக் கையில் காசின்றி, அம்மையார் கார்லைலின் படத்தையும் மரியன்னையின் படத்தையும் கொடுத்தார் என்றும் சொல்வர். அந்தப் படங்கள் பின்னாளில் என்ன விலைபோகும் என்பது அந்தச் சுமைகூலிக்காரர்களுக்குத் தெரிய வழியில்லை. அன்று மாலை அவர்கள் வீட்டு அடுப்பு எரிந்ததா என்பதே நம் கவலை.

இலங்கையில் களுத்துறைக் கடற்கரையில் குடியிருந்தபோது அவர் மீண்டும் கருவியை எடுத்தார். வெப்பமும் ஈரக்காற்றும் வேதிப்பொருள்களின் தட்டுப்பாடும் தடையாயின. அக்காலப் படங்களில் இன்று எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. 1877இல் அவரைக் காணவந்த ஓவியர் மரியான் நார்த் தம் நினைவுக் குறிப்பில் ஒரு செய்தியைச் சொல்கிறார். தொழிலாளி ஒருவரின் முதுகழகு அம்மையாருக்குப் பிடித்துப்போயிற்றாம். படமெடுப்பதற்காக அவரைத் தோட்டக்காரராய் வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம். வீட்டில் தோட்டமே இல்லை. அந்த மனிதருக்கோ அவ்வேலை இன்னதென்றே தெரியாது. மரியான் நார்த் இதைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறார். நாமும் முதலில் சிரித்தோம். பிறகு அந்த மனிதரின் பெயரைத் தேடினோம், அது இல்லை.

இங்கிலாந்தில் எடுத்த படங்களின்கீழ் அம்மையார் தம் கையாலேயே பெயர்களை எழுதியிருக்கிறார். பணிப்பெண்களின் பெயர்களும் நமக்குக் கிடைக்கின்றன. இலங்கையில் அவர்முன் நின்ற தமிழ்த் தொழிலாளரும் சிங்கள உழவரும் பெயரின்றியே நிற்கின்றனர். ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்னும் படத்தின் குறிப்பில் சிறுமியின் வயது பன்னிரண்டு என்றும், கிழவர் தம்மை அவள் தந்தை என்றும் தமக்கு வயது நூறு என்றும் கூறுவதாகவும் எழுதப்பட்டுள்ளது. வயதைக் கேட்டவர்கள் பெயரைக் கேட்காமலா இருந்திருப்பார்கள்? கேட்டும் எழுதவில்லை போலும். அம்மையார் கல்நெஞ்சர் அல்லர். ஆனியின் பொருட்டு வீடெல்லாம் ஓடியவர் அவரே. அதனால்தான் இந்த மறதி நம்மை உறுத்துகிறது.

1879 ஜனவரி 26 அன்று மலைநாட்டில் கிளென்கேர்ன் தோட்டத்தில் அவர் காலமானார். பொகவந்தலாவையில் புனித மரியா ஆலயக் கல்லறையில் அவர் உடல் உறங்குகிறது. மறு ஆண்டு கணவரும் அருகே அடக்கமானார். அவர்கள் கல்லறை அறியப்பட்டது. பயணிகள் தேடிச் செல்கின்றனர். அம்மலைகளில் காப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்து மடிந்தோர்க்கோ பெரும்பாலும் கல்லும் இல்லை.

சென்ற தவக்காலத்தில் பங்கு இல்லத்துப் பழைய அலமாரியைத் துப்புரவு செய்தபோது, முதல் நற்கருணை நாளில் எடுத்த பெரிய குழுப்படம் ஒன்று கிடைத்தது. பின்புறத்தில் ‘42 பிள்ளைகள், 1961’ என்று மட்டும் எழுதியிருந்தது. முன்வரிசை நாற்காலியில் வீற்றிருந்த பங்குத்தந்தையின் பெயர் மட்டும் முழுமையாக, பட்டங்களோடு. ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஆலய வாயிலில் மேசையிட்டு அதை வைத்தோம்; அருகில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும். பாட்டிமார்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தனர். ஒருவர் தம்மையே அடையாளம் காணாமல் தம் தங்கை என்றார். தங்கை வந்து திருத்தினார். ஆறு ஞாயிறுகளில் இருபத்தொன்பது பெயர்கள் கிடைத்தன. மூன்றாம் வரிசையின் இடக்கோடியில், படம் எடுத்த நொடியில் கண்ணை மூடிவிட்ட சிறுவன் யார் என்பது இன்னும் தெரியவில்லை. படத்தை அடுத்த மாதம் கிளைப்பங்குக்கு எடுத்துச் செல்கிறோம்.